பதினாலாம் கட்டிலுக்கு நாற்பது பேர்

சொர்ணவள்ளி போட்ட கூச்சலில் மூன்றாம் மாடி முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. தமயந்தி மட்டும் திரும்பவில்லை. தன் மேசையில் உட்கார்ந்தபடி பதினாலாம் கட்டிலின் விவரத்தைத் திரையில் திறந்து, நோயாளியின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தாள். ஊர் சரியாக இருந்தது, வயதும் சரியாக இருந்தது. இறந்துபோன தன் புருஷன் செண்பகராமனின் கூடப்பிறந்த அக்காதான். ஆறிப்போயிருந்த டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

இந்தப் பெயர் என்றைக்காவது தன் மேசைக்கு வரும் என்று அவள் ஆறு வருடமாகக் காத்திருந்தாள். வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். கோயிலில் கண்ணை மூடி நின்று மனிதர்கள் என்னென்னவோ கேட்கிறார்கள். தமயந்தி இதைக் கேட்டாள்.

கைகோர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. தொடக்கத்தில் அதுவும் மற்றச் சமூக வலைத்தளங்களைப் போலத்தான் இருந்தது. பிள்ளையின் மொட்டைத்தலைப் படம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ எழுதியதைத் தான் எழுதியதாகப் போட்டுக்கொள்ளும் தத்துவம், இவ்வளவுதான். அப்புறம் பொட்டு வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற மிளகளவுச் சில்லுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. வலியில் கிடக்கும் ஒருவர் கைகோரில் அதைச் சொன்னால், அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் தொடர்பில் இருப்பவர்களுக்கெல்லாம் "பங்கெடு" என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் வலியில் ஒரு துண்டு அழுத்தியவருக்குப் போகும். படுத்திருப்பவருக்கு அந்த அளவு குறையும். நாற்பது பேர் அழுத்திவிட்டால் நோயாளிக்கு வலி பூஜ்யம். அழுத்தியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் சொத்தைப் பல் மாதிரி ஒரு குடைச்சல், அதோடு தீர்ந்தது.

ஊர் இதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. "மாமாவுக்காக இன்று எடுத்தேன்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு படம் போடாத ஆளே இல்லை. ஒரு நடிகைக்குக் கால் சுளுக்கியபோது மூன்று லட்சம் பேர் எடுத்து, அன்று பாதி மாநிலம் நொண்டியது. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது எல்லோர் கண்ணிலும் படும்படி தெரிந்ததுதான் இதில் பெரிய வம்பு. கல்யாணத்துக்கு வராதவனைக்கூடப் பொறுத்துக்கொண்ட சொந்தம், பங்கெடுக்காதவனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கோ இது கொண்டாட்டம். வலிக்கு ஊசி போடுங்கள் என்று யாராவது கெஞ்சினால், "உங்க ஆளுங்ககிட்டக் கேட்டாச்சா?" என்று திருப்பிக் கேட்டார்கள். பிறகு அதுவே விதியாகிவிட்டது. மூன்று நாள் கேட்டுப் பார்த்து ஆள் கிடைக்காவிட்டால்தான் கடும் வலிக்கான மருந்து.

திருநெல்வேலிப் புறவழிச்சாலையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில், அப்படி ஆள் கேட்கும் மேசைதான் தமயந்தியுடையது. நோயாளியின் தொடர்பில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுப் பங்கெடுக்க வைக்கவேண்டும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கெஞ்சுவாள், கொஞ்சுவாள், அதற்கும் மசியாதவர்களிடம், "சரிங்க, நீங்க எடுக்கலன்னு கைகோர் பக்கத்துல வந்துரும், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று மெல்லச் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு பெரியவர் அப்படித்தான் பேரனுக்காக எடுத்து, குளியலறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

புருஷன் செத்த நாற்பத்தோராம் நாள் அவள் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். அவனுக்குக் கிடைத்தது பதினொரு பேர். இனி எவனும் பதினொரு பேரோடு கிடந்து சாகக்கூடாது என்பது அவளுடைய வைராக்கியம்.

பகை ஆரம்பித்தது ஒரு பத்திரிகையில். தமயந்தியின் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். காலம் எவ்வளவு மாறினாலும் சடங்குக்கு அச்சடித்த பத்திரிகை வேண்டும், அதில் எல்லோர் பெயரும் வேண்டும். எந்த மாமன் பெயர் எந்த மாமனுக்கு மேலே வரவேண்டும் என்று மூன்று நாள் வீட்டில் சண்டை. மேலே கீழே என்று மாற்றி மாற்றி அடித்தவர்கள், எல்லாப் பெயரும் இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கவில்லை. அச்சகத்தில் ஒரு வரி விழுந்துபோயிருந்தது. விழுந்த வரி சொர்ணவள்ளியுடையது. பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டிய சொந்த அத்தையின் பெயர் இல்லாமல் நானூறு பத்திரிகை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. செண்பகராமன் அக்கா காலில் விழுந்தே மன்னிப்புக் கேட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அரிசி ஆலையில் கொதிகலன் குழாய் வெடித்து, நீராவியில் அவன் வெந்துபோனான். அன்று மத்தியானம் சொர்ணவள்ளி கைகோரில் குடும்பப் பக்கத்தில் எழுதினாள்: "என்னை வேண்டாம் என்றவனுக்கு நம் ஆட்கள் யாரும் எடுக்கக்கூடாது. எடுக்கிறவர்கள் என் வாசலை மிதிக்க வேண்டாம்." குடும்பத்துக்கே மூத்தவள், வசதிக்காரி. அந்தச் சொந்தத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. தமயந்தியும் அவள் தம்பியும் ஆலையில் கூட வேலை பார்த்த ஒன்பது பேரும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மருந்து வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று நாளும் அவன் கத்திய கத்தலைத் தமயந்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று பதினாலாம் கட்டிலில் அவன் அக்கா கத்துகிறாள். கணையத்தில் வீக்கம். தமயந்தி போனை எடுத்தாள். விதிப்படி கூப்பிடத்தான் வேண்டும், கூப்பிட்டாள். ஆனால் தன் வித்தை ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

முதலில் மருமகள் சுகிர்தா.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசுதேன். உங்க அத்தைக்குத் தாங்க முடியாத வலி. ஒரு பங்கு எடுக்க முடியுமான்னு..."

"எனக்குப் பிள்ளை பொறந்த அன்னைக்கு அவங்ககிட்டயும் இப்படித்தான் கேட்டாங்க" என்றாள் சுகிர்தா. "பொட்டுல சார்ஜ் இல்லன்னுட்டாங்க. எனக்கும் இன்னைக்குச் சார்ஜ் இல்லன்னு சொல்லிருங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் கனடாவுல தூங்கிட்டிருப்பார். எழுப்ப வேண்டாம்."

அடுத்து கோமதிநாயகம். சொர்ணவள்ளிக்குப் பெரியப்பா மகன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அவளுக்குத்தான் கைகோர்ல அறுநூத்திச் சொச்சம் பேரு இருக்கே. என்னைய எதுக்குப் பிடிச்ச?"

"அதுல ரெண்டு பேருதான் எடுத்திருக்காங்க."

"அந்த ரெண்டும் எவனோ தெரியாம அமுக்கியிருப்பான். எந்த வீட்டுல யாருக்கு யாரு எடுக்கலன்னு பட்டியல் போட்டு நாறடிச்சவ அவ. தான் ஒருத்தருக்கும் எடுத்தது கிடையாது. செண்பகராமன் கிடந்தப்ப எடுக்கக்கூடாதுன்னா, நாங்களும் வாயை மூடிட்டு இருந்தோம். அன்னைக்குப் பழகினதுதான், இன்னைக்கும் இருக்கோம்." சட்டென்று குரல் மாறியது. "ஆமா, இந்தக் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. தமயந்தியா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏம்மா, நீயா அவளுக்காகக் கேக்க?"

"இது என் வேலை அத்தான்."

"நீ எடுத்தியா?"

"என்னைய அவங்க அன்னைக்கே தொடர்பிலேருந்து எடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

முப்பது பேரைக் கூப்பிட்டாள். ஒருவருக்குக் கார் ஓட்டவேண்டும், ஒருவருக்கு விரதம், ஒருவர் பெயரைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். இப்படி ஒரு மனுஷிக்கு அறுநூறு பேரா என்று தமயந்திக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எழுந்து பதினாலாம் கட்டிலுக்குப் போனாள்.

கட்டிலுக்கு மேலே போர்டில் "2/40" என்று சிவப்பில் நின்றது. சொர்ணவள்ளி வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கூந்தல் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"இங்க... வேற ஆளே இல்லையா?"

"நான்தான் மதினி இந்த மேசைக்கு."

"எத்தனை பேரு?"

"ரெண்டு."

"பொய் சொல்லுத. நீ கூப்பிட்டே இருக்க மாட்ட."

"கூப்பிட்டேன். யாருக்கும் பொட்டுல சார்ஜ் இல்லையாம்."

சொர்ணவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "பழி வாங்குத என்ன?"

"பழி வாங்க நான் தனியா என்ன செய்யணும்? சும்மா உக்காந்திருந்தாலே போதுமே" என்றாள் தமயந்தி. இவ்வளவு நாள் மனசுக்குள் பேசிப் பார்த்த வசனம், வெளியே வந்தபோது அவ்வளவு ருசியாக இல்லை.

மேசைக்குத் திரும்பினால் மாடி மேலாளர் புருஷோத்தமன் நின்றுகொண்டிருந்தார். அவர் அவசரப்படும்போது சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"பதினொரு மணிக்கு மேலிடத்துப் பார்வைக் குழு வருது. பதினாலுல ரெண்டுன்னு சிவப்பா நிக்குது. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நாப்பது காட்டுங்க."

"ஆளு இல்லையே சார்."

"ஒத்திகைப் பட்டியலைப் போட்டு விடுங்க. குழு போனதும் எடுத்திரலாம். போன தடவையும் அப்படித்தானே காலிக் கட்டிலுக்குப் போட்டோம்?"

ஒத்திகைப் பட்டியல் என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்குவதற்காகச் செய்து வைத்தது. அதில் இருக்கும் நாற்பது பேரும் பிறக்காதவர்கள். ஒரு நர்ஸின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, ஒருவர் பெயரின் முன்பாதியையும் இன்னொருவர் பெயரின் பின்பாதியையும் மாற்றி மாற்றி ஒட்டி யாரோ அடித்து வைத்திருந்தார்கள். ரத்தமோ நரம்போ இல்லாத சொந்தக்காரர்கள்.

"போர்டுதான் மாறும், வலி குறையாது சார். அவங்க கத்துவாங்களே?"

"கத்தட்டும். போர்டு நாப்பதுன்னு சொல்லும்போது அவங்க கத்தினா, அது மனப்பிரமைனு சொல்லிக்கலாம்" என்று புருஷோத்தமன் போய்விட்டார்.

தமயந்திக்கு இது பிடித்திருந்தது. போர்டில் நாற்பது நிற்கும், கட்டிலில் அவள் துடிப்பாள், பார்க்கிறவன் ஒருவனும் நம்ப மாட்டான். வலியை விடக் கொடுமை, அதை யாரும் நம்பாமல் இருப்பது. திரையில் ஒத்திகைப் பட்டியலை எடுத்தாள். கட்டில் எண் என்ற இடத்தில் பதினாலு என்று தட்டினாள்.

பாதிக் கூச்சலில் சத்தம் நின்றது.

செத்துவிட்டாள் என்றுதான் தமயந்தி முதலில் நினைத்தாள். நாற்காலி கவிழ ஓடினாள். சொர்ணவள்ளி சாகவில்லை. கைகால்களை அகல விரித்துப் போட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணோரம் நீர் வழிய உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தாள். அதுவரை ஒன்பதில் நின்ற மணிக்கட்டு மீட்டர் இப்போது பூஜ்யம் காட்டியது. இரண்டு நிமிடத்தில் அவள் தூங்கிப்போனாள். அது நடிப்பில்லை. வலி போன உடம்பு எப்படித் தூங்கும் என்று தமயந்திக்குத் தெரியும், ஆறு வருடத்தில் ஆயிரம் பேரைப் பார்த்தவள்.

பார்வைக் குழு வந்தது. கட்டிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். "நாற்பது பேர் தாங்கும் குடும்பம்! கைகோர் இல்லாவிட்டால் இது நடக்குமா?" என்று ஒருவர் நெகிழ்ந்தே போனார். அவர்கள் லிஃப்டுக்குள் போகும்வரை தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகக் கருவி அறைக்குப் போனாள்.

இருதயராஜ் அங்கே பொட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடிக்காரன், முப்பது வயது, அந்த மாடியின் டெக்னீஷியன். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"ஒத்திகைப் பட்டியலைப் போட்டீங்களா? நிஜ ஆளுக்கா?" என்றான்.

"அந்த நாப்பது பேரும் ஆளே இல்லல்லா. பொறவு அவ வலி எங்க போச்சு?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "எங்கயும் போகல அக்கா. எப்பவுமே எங்கயும் போறது கிடையாது."

"புரியும்படியாச் சொல்லு."

"பொட்டு நினைச்சா வலியை அடைச்சிரும். குழாயைத் திருகி மூடுத மாதிரிதான். அதுக்கு இன்னொரு ஆளு வேண்டியதே இல்ல. எண்ணிக்கை வந்தா மூடும், வராட்டி மூடாது. அந்த எண்ணிக்கை நிஜமா பொய்யான்னு அதுக்குத் தெரியாது."

"எடுத்தவங்களுக்கு வலிக்குதே? எனக்கு வலிச்சுதே! மூணு நாளும் திரும்பத் திரும்ப எடுத்து, தோளெல்லாம் வெந்த மாதிரி..."

"அது உங்க பொட்டு உங்களுக்குக் குடுத்த வலி. உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து வந்தது இல்ல."

"எதுக்குடா? எதுக்கு இப்படிச் செய்யணும்?"

"ஆளு இல்லாமலே வலி தீரும்னா, வாங்கி ஒட்டிட்டு அவனவன் போயிருவான். யாரு அறுநூறு பேரைச் சேத்து வைப்பா? யாரு விடிஞ்சு எந்திரிச்சதும், எவன் எடுத்தான் எவன் எடுக்கலன்னு கைகோரைத் திறந்து பாப்பா? வலிதான் அக்கா அவங்க போட்ட கயிறு. அறுத்துவிட்டா ஒருத்தனும் நிக்க மாட்டான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

அவள் கை தானாக எழுந்தது. ஓங்கி அறைந்தாள். அவன் தடுக்கவில்லை, கன்னத்தையும் தடவிக்கொள்ளவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான். "எங்க அம்மா போறப்ப நான் ஒருத்தன்தான் எடுத்தேன். ஏ மக்கா, உன்னாலதான் எனக்கு வலி கொஞ்சம் அடங்கியிருக்குன்னு சொல்லிட்டே செத்தா. அது பொய்யின்னு நானே எப்படிக்கா வெளிய சொல்லுவேன்?"

அவனைத் திட்ட அவள் மட்டும் யோக்கியமா? ஆறு வருடம். ஒரு நாளைக்கு நாலு கட்டில், கட்டிலுக்கு முப்பது போன். சமையல் செய்துகொண்டிருந்தவள், சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவன், இடுப்பை ஒடித்துக்கொண்ட அந்தப் பெரியவர், எல்லோரையும் மிரட்டி மிரட்டி ஒன்றுமில்லாத ஒன்றுக்காகத் துடிக்க வைத்திருக்கிறாள். செண்பகராமன் வெந்து கிடந்தபோது இருபத்தொன்பது பொய்ப் பெயரை யாராவது தட்டியிருந்தால் போதும். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போயிருப்பான். ஒரு விரல் அசைவு. அதற்காக அவள் ஆலை வாசலில் அவனைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் கைகூப்பி நின்றாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த மாடியில் அன்றைக்கு வலியில் கிடந்தவர்கள் பத்தொன்பது பேர். ஒன்றாம் கட்டிலைத் திறந்தாள். அதில் பங்கெடுத்திருந்த நிஜ ஆட்களை ஒவ்வொருவராக விடுவித்தாள். ஒத்திகைப் பட்டியலைப் போட்டாள். இரண்டாம் கட்டில், மூன்றாம் கட்டில். பின்னால் வந்து நின்ற இருதயராஜுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று புரிந்தபோது வியர்த்துவிட்டது.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்க. வேலை போகும். கேஸும் போடுவாங்க."

"போடட்டும். சாயங்காலம் வரைக்கும் சனங்க படுத்துத் தூங்கட்டும்."

ஒன்பதாம் கட்டிலில் முதுகெலும்பு நொறுங்கிய ஓட்டுநர் முனகலை நிறுத்தினார். பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பெண் தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரியிடம், "யாரோ புண்ணியவான்கள் எடுத்திருக்காங்க" என்றாள். அரை மணி நேரத்தில் மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இப்படி ஓர் அமைதியை அங்கே யாரும் பார்த்ததில்லை. நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி வந்து, "அக்கா, பதினாலாம் கட்டில் உங்களைக் கூப்பிடுதாங்க" என்றாள்.

சொர்ணவள்ளி தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். வலி போனதும் பழைய கம்பீரம் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கையில் போன்.

"யாரு இவங்க எல்லாம்?" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். "நாப்பது பேருல ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. எங்க ஆளுக பேரு ஒண்ணுகூட இல்ல. நீ உன் பக்கத்து ஆளுகளை வச்சு எடுக்க வச்சியா?"

தமயந்தி குனிந்து அந்தப் பெயர்களைப் பார்த்தாள்.

"நீதான்னா இப்பவே சொல்லிரு. வலி எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிடுதேன். உன் தயவுல நான் படுத்திருக்க வேண்டாம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "என்ன பாக்க? உன் புருஷனுக்கு எடுக்க விடாதவ நான். உன்கிட்ட வாங்கிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

தமயந்தி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

சொர்ணவள்ளி அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ வேலைக்காரியை ஏசுகிற குரலிலேயே பேசினாள். "ஒரு பத்திரிகையில பேரு விட்டுப்போச்சுன்னு எழுதிட்டேன். சாயந்தரம் அழிச்சிரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நூறு பேரு சரின்னு போட்டுட்டான். பொறவு எப்படி அழிக்க? என் மரியாதை என்ன ஆகுது? அவன் போயிட்டான். ஆறு வருஷமா எனக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. என் மகனுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. நான் விட்டிருந்தா என் தம்பி கத்தாமப் போயிருப்பான்."

இதைக் கேட்கத்தான் தமயந்தி ஆறு வருடம் உயிரோடு இருந்தாள். இப்போது கேட்டாகிவிட்டது. அவள் எதிர்பார்த்த குளிர்ச்சி வரவில்லை.

"யாரும் எடுக்கல மதினி" என்றாள். "அந்த நாப்பது பேரும் பொய். நாங்க புதுசா வாரவங்களுக்குச் சொல்லிக்குடுக்க அடிச்சு வச்ச பேரு. உங்க வலி யாருக்கும் போகல. யாருக்குமே, எப்பவுமே போனது கிடையாதாம்."

இருதயராஜ் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். குழாயைப் பற்றி, எண்ணிக்கையைப் பற்றி, வலியைக் கயிறாகப் போட்டவர்களைப் பற்றி. சொர்ணவள்ளி முதலில் நம்பவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். போனிலிருந்த நாற்பது பெயரையும் மேலிருந்து கீழாக இன்னொரு தரம் படித்தாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்வதைத் தமயந்தி பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் போயிற்று. தோள் இறங்கியது.

"அப்ப, நிறுத்தியிருக்கக்கூடிய வலியை நிறுத்தாம வச்சிருந்தது அவனுகதான்" என்றாள் சொர்ணவள்ளி. "ஆளே வேண்டாம்லா. நாங்க எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. எல்லாம் அவனுக செஞ்ச களவாணித்தனம்." அவள் கண் நிறைந்து வழிந்தது. தமயந்தியின் கையை எட்டிப் பிடித்தாள். "ஆறு வருஷமா நான்தான் கொன்னேன்னு இருந்தேனே தமயந்தி! நான் இல்ல. என் மேல ஒண்ணும் இல்ல."

தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். சூடாக இருந்தது, வியர்த்திருந்தது, செண்பகராமனுக்கு இருந்தது போலவே சுண்டுவிரல் சற்று வளைந்திருந்தது. மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இது நமக்குத் தெரிஞ்சது இன்னைக்குத்தான் மதினி" என்றாள். "நம்ம ஆளுக எடுத்தாதான் தம்பிக்கு அடங்கும்னு நீங்க அன்னைக்கு முழுசா நம்பினீங்கல்லா? நம்பித்தான எடுக்காதீங்கன்னு எழுதினீங்க?"

சொர்ணவள்ளியின் கை கட்டில் விளிம்பில் அப்படியே நின்றது. தமயந்தி ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, மேசையில் அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்கப் போனாள்.